இந்த வாரம் என்ன? ஆடியில தொடங்கி தை வரைக்கும் ஓடின இணைய இழை

கேள்வி | ஜூலை 19

சனிக்கிழமை ஆனா போதும், ஆளாளுக்குப் பரிந்துரை போடுறாங்க. சமைக்க ஒண்ணு, படிக்க ஒண்ணு, செடி நட ஒண்ணு, உடுத்த ஒண்ணு, கேட்க ஒண்ணு. நான் இருக்கறது திருச்சி. வெளியே 38 டிகிரி. இன்னிக்கு என் கண்ணுல பட்டது: அவகாடோ டோஸ்ட், லாவெண்டர் நாத்து, லினன் கோட்டு. லாவெண்டரை நான் எங்க நடுறது, ஃப்ரிட்ஜ்லயா? நம்ம ஊருக்கு, நம்ம மாசத்துக்கு அஞ்சு விஷயம் சொல்ல ஆளே இல்லையா?

ஜூலை 19, இரவு

நானும் அந்தப் பக்கம்தான், ஸ்ரீரங்கம். சொல்றேன். ஆனா ஒரு நிபந்தனை. புதுசா வந்திருக்குங்கறதுக்காக எதையும் சொல்ல மாட்டேன். இந்த வாரம் விட்டா அடுத்த வருசம்தான்னு இருக்கறதை மட்டும்தான் சொல்லுவேன். எந்த வாரத்துலயும் செய்யலாம்னா அதுக்கு எதுக்குப் பரிந்துரை?

சாப்பிட: கேழ்வரகுக் கூழ். கோயில்ல ஊத்துறதைச் சொல்லலை, வீட்டுல காய்ச்சறது. மாவை ராத்திரி கரைச்சு வைங்க, புளிக்கட்டும். காலையில அரிசி நொய்யை நல்லா குழைய வேகவெச்சு, புளிச்ச மாவை ஊத்தி, கட்டி தட்டாமக் கிண்டணும். கையைத் தண்ணியில நனைச்சுத் தொட்டா ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இறக்கி மூடிட்டு மறந்துடுங்க. அடுத்த நாள் மோர், உப்பு, பொடியா நறுக்கின சின்ன வெங்காயம் போட்டுக் கரைச்சுக் குடிங்க. கிண்டின அன்னிக்கே குடிக்கிறவங்க அவசரக்காரங்க.

நட: அவரை. கொடி அவரை. இது மட்டும் இந்த மாசமே ஆகணும். ஏன்னு தனியா எழுதறேன்.

கேட்க: ஒண்ணும் தேட வேண்டாம். ஆடி வெள்ளிக்கு நாலு தெருவுல இருந்தும் எல்.ஆர். ஈஸ்வரி குரல் உங்களைத் தேடி வரும். ஜன்னலைச் சாத்தினாலும் வரும்.

உடுத்த: வாங்காதீங்க. வெளியே தள்ளுபடின்னு பெரிசா எழுதியிருப்பான். இருங்க, அதுக்கும் வரேன்.

படிக்க: பிறகு.

ஜூலை 20

அவரை விஷயம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு எல்லாருக்கும் தெரியும். பட்டம்னா விதைக்கற பருவம். வெண்டை, கத்தரி, கொத்தவரை எல்லாம் பட்டம் கொஞ்சம் தப்பினாலும் ஏதோ காய்க்கும். கொடி அவரை அப்படி இல்லை. பகல் குறையணும், ராத்திரி நீளணும், அப்பதான் அதுக்குப் பூக்கவே தோணும். தையில போட்டாலும் முளைக்கும், கொடி மொட்டை மாடி முழுக்க ஓடும், பக்கத்து வீட்டு ஆன்டெனா வரைக்கும் போகும். பூ மட்டும் இருக்காது. உரம் போதலைன்னு நினைச்சு இன்னும் ரெண்டு கூடை எருவைக் கொட்டுவோம், இலை இன்னும் தடியா வரும். ஆடியில போட்டா கார்த்திகை மார்கழிக்குள்ள கொடி நல்லா ஏறியிருக்கும், பகலும் குறைஞ்சிருக்கும். ரெண்டும் ஒண்ணா வந்து சேரணும், அவ்வளவுதான் கணக்கு.

தொட்டின்னா உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிசு. ஒரு தொட்டிக்கு மூணு விதை போட்டு, முளைச்சதும் நோஞ்சானைப் பிடுங்கிடுங்க. பிடுங்க மனசு வராதவங்க மூணையும் வெச்சுக்கிட்டு மூணும் நோஞ்சானாகறதைப் பார்க்கலாம்.

ஜூலை 20, கொஞ்ச நேரம் கழிச்சு

திண்டுக்கல் சார் ஒருத்தர், அவர் தோட்டத்துல அவரை வருசம் முழுக்கக் காய்க்குதுன்னு எழுதியிருக்கார். சார், அது செடி அவரையா இருக்கும். குத்துச்செடியா நிக்கிற ரகம், அதுக்குப் பகல் கணக்கு கிடையாது, எப்பப் போட்டாலும் காய்க்கும். சந்தையில சித்திரையில அவரைக்காய் கிடைக்கறது அதனாலதான். நான் சொன்னது பந்தல்ல ஏறுறது. ருசி எதுல அதிகம்னு இங்க சண்டை வேண்டாம். (கொடியில.)

ஜூலை 22

ஆடித் தள்ளுபடி. ஆடியில கல்யாணம் வைக்க மாட்டாங்க, ஜவுளிக்கடையில ஆள் இருக்காது, தேங்கின சரக்கைத் தள்ளிவிட ஆரம்பிச்சது. தேங்கினது ஏன் தேங்குச்சுன்னு யோசிச்சுட்டு உள்ளே போங்க. துண்டு, போர்வை, தலையணை உறை, வீட்டுல கட்டற வேட்டி, இதெல்லாம் வாங்கலாம். பட்டு வேண்டாம். கூட்டத்துல நிதானமா பிரிச்சுப் பார்க்க விட மாட்டாங்க.

கட்டிக்கன்னு ஒண்ணு வேணும்னா, நூல் சேலை, அதுவும் சுங்குடி. மதுரை சௌராஷ்டிரக்காரங்க முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தறது. நிஜ முடிச்சுன்னா புள்ளி எல்லாம் ஒரே அச்சா இருக்காது, ஒண்ணு வட்டம், ஒண்ணு கோணல், தொட்டா லேசாச் சுருக்கம் தட்டும். எல்லாப் புள்ளியும் அளந்து வெச்ச மாதிரி இருந்தா அது அச்சடிச்சது. அச்சடிச்சதும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த விலை கொடுக்காதீங்க. முதல் அலசு கல்லுப்பு போட்ட தண்ணியில, தனியா. வெள்ளை வேட்டியோட ஊறப்போட்டா வீட்டுல பேச்சுவார்த்தை நின்னுடும்.

ஆகஸ்ட் 7 கைத்தறி நாள், 2015-ல இருந்து. 1905-ல சுதேசி இயக்கம் தொடங்கின தேதிங்கறதால அன்னிக்கு வெச்சாங்க. வேற எங்கயும் போகாட்டியும் கோ-ஆப்டெக்ஸ் பக்கம் போய் வாங்க. 1935-ல இருந்து இருக்கு, இன்னும் அந்தப் பழைய பீரோ வாசனை.

ஜூலை 22

"கைத்தறின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" கரை ஓரத்துல ரெண்டு பக்கமும் வரிசையா குட்டி ஊசி ஓட்டை இருக்கான்னு பாருங்க. நெய்யறப்ப துணி சுருங்காம இழுத்துப் பிடிக்கிற குச்சியோட தடம். பெரும்பாலும் இது போதும்.

ஆகஸ்ட் 4

நேத்து பதினெட்டாம் பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபத்துல தலை நீட்ட இடமில்லை. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், கூடவே காப்பரிசி. இந்த வாரச் சமையல் பரிந்துரை இதுதான், இன்னிக்குப் போட்டு என்ன பிரயோசனம்னு கேக்காதீங்க. புளிக்காய்ச்சல் மிச்சம் இருந்தா இன்னும் ஒரு வாரம் சாப்பிடலாம். புளியோதரை செஞ்ச அன்னிக்கு விட மறுநாள்தான் ருசி. கூழுக்கும் இதையேதான் சொன்னேன், என் சமையல் எல்லாமே மறுநாளைக்குத்தான் போல.

ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா அந்தத் தண்ணிதான் இங்க படியில ஏறும். அணை 1934-ல வந்தது. அதுக்கு முன்னாடி பெருக்குன்னா நிஜப் பெருக்கு, மேற்கே பெய்யற மழை அப்படியே வரும். இப்பத் திறந்துவிட்டாத்தான். வறட்சி வருசத்துல ஜனங்க குழாயடியில நின்னு கும்பிட்டுட்டுப் போறதையும் பார்த்திருக்கேன்.

முளைப்பாரி ஆத்துல விடறதைப் பார்த்தப்ப ஒண்ணு தோணுச்சு. ஆடி விதைப்புக்கு முன்னாடி வீட்டுல இருக்கற தானியம் முளைக்குதான்னு பார்க்க இதைவிட நல்ல வழி என்ன இருக்கு? நீங்களும் பாருங்க. பத்து விதையை ஈரத் துணியில சுத்தி வைங்க. எட்டு ஒன்பது முளைச்சா தாராளமா போடுங்க. அஞ்சுக்குக் கீழன்னா கடைக்காரர்கிட்ட பேசிக்கலாம், இப்ப வேற விதை தேடுங்க, பட்டம் போயிட்டிருக்கு.

ஆகஸ்ட் 6

யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க நேத்து, "கூழிலே வெங்காயமோ?" அப்படின்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாங்க. அக்கா, உங்க ஆடிக்கூழ் வேற. பச்சரிசி மாவு, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி. இனிப்பு. ஆடி முதல் நாளே, ஆடிப்பிறப்புக்கு, கொழுக்கட்டையோட. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்த நாளைப் பிள்ளைங்களுக்குப் பாட்டாவே எழுதி வெச்சிருக்கார். பாடினா பசிக்கும். நாங்க அம்மனுக்கு ஊத்துறது உச்சி வெயிலுக்கு, வயித்துக் குளிர்ச்சிக்கு. உங்களது பண்டிகைக்கு. பேர் ஒண்ணுங்கறதால ஒண்ணை இன்னொண்ணால அளக்க முடியாது.

ஒரு பாத்திரம் உங்க முறையில வெச்சுப் பார்த்தேன். வீட்டுக்காரர் இனிமே அதுதான் கூழ்ங்கறார். அவர் ஓட்டு செல்லாது.

ஆகஸ்ட் 6

ஆமா, புத்தகம் இன்னும் சொல்லலை. தெரியும்.

ஆகஸ்ட் 23

ஆவணி. பீர்க்கு, சுரை, புடலை வெச்சவங்க எல்லாம் ஒரே புகார்: "பிஞ்சு வருது, கட்டை விரல் அளவுல மஞ்சளாகி உதிருது." உரமும் இல்லை, நோயும் இல்லை. மகரந்தம் சேரலை. பெண் பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டியிருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். முதல்ல கொத்துக் கொத்தா வர்றது ஆண் பூ. அதைப் பார்த்து ஏமாந்தவங்க நிறையப் பேர்.

இங்க நேரம்தான் முக்கியம். பூசணி, பாகல் காலையில விரியும், வெயில் ஏறினா மூடிக்கும். பீர்க்கு, சுரை, புடலை சாயங்காலம் விரியும். ஆபீஸ் போறவங்களுக்கு பீர்க்குதான் தோது. ஆறு மணிக்கு வந்து ஆண் பூ ஒண்ணைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, பெண் பூ நடுவுல லேசா தடவி விடுங்க. மாடி மூணாவது தளத்துல இருந்தா இதைச் செஞ்சே ஆகணும், அவ்வளவு உயரம் வண்டு வர்றது அதுக்கு இஷ்டம் இருந்தாத்தான்.

பூ உதிர்ந்தா தேமோர் கரைசல். மோரும் தேங்காய்ப்பாலும் சரிபாதி, ஒரு வாரம் மூடி வெச்சுப் புளிச்சதும், ஒண்ணுக்குப் பத்து தண்ணி கலந்து தெளிங்க. வாசனைக்கு நான் பொறுப்பில்லை.

அந்த நேரத்துக்குக் கேட்க: காருக்குறிச்சி அருணாசலம், நாகஸ்வரம். சாயங்காலம், கல்யாணி ராகமோ பூர்விகல்யாணியோ. கோயில்ல நாகஸ்வரக்காரங்க இன்னும் வேளை பார்த்துத்தான் வாசிப்பாங்க, காலையில பூபாளம், பௌளி, மத்தியானம் தாண்டினா வேற. கச்சேரி மேடையில அதை அவ்வளவா பார்க்கறதில்லை. காருக்குறிச்சி 1964-ல போயிட்டார். அவர் குரு ராஜரத்தினம் பிள்ளையோட தோடியைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, பேசட்டும். பூ விரியற நேரத்துக்கு எனக்கு சிஷ்யர்தான்.

ஆகஸ்ட் 24

"தோடியைக் குறைச்சுச் சொல்லிட்டீங்க." குறைக்கலை தம்பி. தோடிக்கு உட்காரணும், முழு ராத்திரி வேணும். கையில மகரந்தத்தோட தோடி கேட்க முடியாது.

செப்டம்பர் 2

குவைத்துல இருந்து ஒரு தம்பி: "இங்க ஆடின்னா 48 டிகிரி. மாடியில செருப்பே ஒட்டிக்குது. உங்க பட்டியல் எனக்கு எதுக்கு?"

நியாயம். ரெண்டு நாளா இதையே யோசிச்சுட்டு இருக்கேன். நான் மாசம் மாசம்னு பேசினேன். ஆனா செடிக்கு ஆடி ஆவணி தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது சூடும், ஈரமும், பகல் நீளமும். குவைத்துலயும் செப்டம்பர் கடைசியில பகல் ராத்திரியைவிடக் குறைய ஆரம்பிக்கும், எங்களைவிட வேகமாவே குறையும், நீங்க இன்னும் வடக்கே இருக்கீங்க. வெயில் தணிஞ்சதும் அவரை போடுங்க தம்பி, பால்கனி போதும். நம்ம ஆடி உங்களுக்குப் புரட்டாசியில வருதுன்னு வெச்சுக்குங்க. கூழ் மட்டும் எப்ப வேணா குடிக்கலாம்.

அப்ப "இந்த வாரம் விட்டா அடுத்த வருசம்"னு நான் போட்ட நிபந்தனை? நிக்குது. ஆனா அது யார் வாரம்னு கேட்டுத்தான் சொல்லணும்.

செப்டம்பர் 27

கொலு வெச்ச வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது நாளும் கொண்டைக்கடலைச் சுண்டல் வேண்டாம். காராமணி, மொச்சை, பச்சைப்பயறு, கொள்ளு, வேர்க்கடலை, காய்ஞ்ச பட்டாணி, கடலைப்பருப்புன்னு உலகம் பெரிசு. ஒரே நாள்ல அஞ்சு வீட்டுல அஞ்சு பொட்டலம் வெள்ளைக் கொண்டைக்கடலை வாங்கினவங்க சார்பா எழுதறேன். சோடா உப்பு போட்டு ஊற வைக்காதீங்க, தோல் உரிஞ்சு மாவாயிடும். முந்தின ராத்திரியே ஊறப் போட்டா எதுவும் வேகும்.

பட்டு கட்ட இதுதான் மாசம். புரட்டாசி வெயில் உறைக்கும்தான், ஆனா ஐப்பசியில மழை. கட்டினதும் அப்படியே மடிச்சு உள்ள தள்ளாதீங்க, நிழல்ல காத்தாட விடுங்க. பழைய மடிப்பிலயே வருசக்கணக்கா வெச்சா மடிப்போரம் ஜரிகை இத்துப்போய் கீறும். மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்துங்க. வெள்ளை மல் துணியில சுத்தி வைங்க. அந்துருண்டை ஜரிகையில படவே கூடாது.

செப்டம்பர் 28

இல்லைங்க, கொண்டைக்கடலைக்கு நான் எதிரி இல்லை.

அக்டோபர் 16

மழை. இனி நூல் துணிக்குக் கஞ்சி போடாதீங்க. காயாது, நாறும், கரப்பான் வந்து கஞ்சியோட துணியையும் தின்னும்.

அக்டோபர் 17

தீபாவளி மருந்து. பட்சணக் குறிப்பு நூறு பேர் போடுவாங்க, நான் மருந்துதான் போடுவேன். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், சீரகம், தனியா. வறுத்துப் பொடிச்சு, சலிச்சு, வெல்லப்பாகுல கொட்டிக் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் மாத்தி மாத்தி விட்டு, ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சா இறக்கலாம். ஆறினதும் தேன். நாட்டு மருந்துக் கடையில "லேகிய சாமான்"னு கேட்டா அவங்களே எடை போட்டுக் கட்டித் தருவாங்க. இஞ்சிச் சாறு சேர்க்கறதா வேண்டாமாங்கறது அவங்கவங்க பாட்டியைப் பொறுத்தது.

மழையில தொட்டி நிரம்பித் தண்ணி நின்னா அவரை வேர் அழுகும். அடி ஓட்டை அடைச்சிருக்கான்னு ஒரு குச்சியை விட்டுப் பாருங்க. இன்னிக்கே.

நவம்பர் 9

புத்தகம். நாலு மாசமா கேட்டுட்டிருக்கீங்க. மழைக்காகத்தான் காத்திட்டிருந்தேன், ஏன்னா இது மழையில மட்டும்தான் படிக்கணும். நெடுநல்வாடை. பத்துப்பாட்டுல ஒண்ணு, நக்கீரர், 188 அடி. ஐயோ சங்க இலக்கியமான்னு ஓடாதீங்க. நான் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லலை. இந்த இழையில நாம பேசற அஞ்சு விஷயமும் அதுல அப்படியே இருக்கு.

செடியா? புதர் புதரா முசுண்டைக் கொடியும் பீர்க்கும் பூத்துக் கிடக்கு, பீர்க்கம்பூவுக்குப் பொன்னுன்னு உவமை. ஆவணியில கையால தடவிவிட்டோமே, அதே பூ. வீட்டுல பிச்சி மொட்டைத் தட்டுல வெச்சிருக்காங்க. நாள் முழுக்க மூட்டம், சூரியன் தெரியலை, சாயங்காலம் ஆச்சா இல்லையான்னு தெரிய வழியில்லை. மொட்டு அவிழ்ந்து வாசனை வந்ததும், ஓ பொழுதாச்சுன்னு விளக்கு ஏத்தறாங்க.

உடுத்த, பூச? சந்தனம் அரைக்கற கல்லு சும்மா கிடக்கு. விசிறியை மடக்கி முளையில மாட்டியாச்சு, அதுல சிலந்தி வலை கட்டிடுச்சு. நம்ம வீட்டு டேபிள் ஃபேனை இப்பப் போய்ப் பாருங்க. தெருவுல கொஞ்சம் பேர் கள்ளு குடிச்சுட்டு, தூறலைப் பத்திக் கவலையே இல்லாம, ரெண்டு பக்கமும் துணி தொங்கத் திரியறாங்க. குடிக்க? குறுகின வாய்க் கூசாவுல இருக்கற குளிர்ந்த தண்ணியை யாரும் தொடலை, அகல வாய்ச் சட்டி நெருப்புல குளிர் காயறாங்க. கேட்க? குளிர்ல யாழ் நரம்பு சுருதி நிக்க மாட்டேங்குது, ஆடற பொண்ணுங்க அதை உடம்புச் சூட்டுல அணைச்சுச் சரி பண்றாங்க. மழைக்காலத்துல வீணையோ வயலினோ வெச்சிருக்கறவங்களைக் கேட்டா இன்னிக்கும் இதே பாடுதான் சொல்லுவாங்க.

உ.வே.சா. 1889-ல நச்சினார்க்கினியர் உரையோட பத்துப்பாட்டை அச்சில கொண்டுவந்தார். இப்ப எளிய உரையோட நிறையப் பதிப்பு இருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல மூலமும் உரையும் சும்மாவே படிக்கலாம். ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு அடி, எட்டு நாள்ல முடிஞ்சுடும்.

நவம்பர் 10

"அரண்மனைக்காரங்க சௌகரியமா குளிர் காயற கதை, அதுக்கு எதுக்கு நாங்க?"ன்னு ஒருத்தர். முதல் பத்து அடி கூடப் படிக்கலைன்னு தெரியுது. தொடக்கமே இடையர்கள்தான். வெள்ளம் வந்து மேட்டு நிலத்துக்கு மாட்டை ஓட்டிட்டுப் போறாங்க, தெரிஞ்ச இடத்தை விட்டு வந்த வருத்தம், கொள்ளிக்கட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கன்னம் அடிக்க நடுங்கறாங்க. குரங்கு ஒடுங்கிக் கிடக்கு, பறவை கிளையில இருந்து விழுது, மாடு கன்னை உதைக்குது. அப்புறம்தான் அரண்மனை. அங்கயும் அரசி தூங்காம அழுதுட்டிருக்கா. ராஜா பாசறையில, நடுராத்திரி, வாள்காயம் பட்டவங்களைப் பார்த்துட்டு மழைச் சகதியில நடக்கறார். சௌகரியமா இருக்கறது அந்தக் கள்ளு குடிச்சவங்க மட்டும்தான்.

ஆனா அவர் கேட்டதுல ஒரு பாதி என்னையும் குத்துது. மாடி வேணும், பந்தல் வேணும், சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல இருக்கணும். நான் சொல்றதெல்லாம் அதுக்கு வாய்ச்சவங்களுக்குத்தான். விடுதியில இருக்கற பொண்ணு ஒருத்தி தனியா எழுதிக் கேட்டா, எனக்கு என்ன சொல்லுவீங்கன்னு. ஜன்னல் ஓரத்துல வெந்தயம் போடும்மா. தயிர் டப்பா போதும், ஒரு வாரத்துல முளைக்கும், மூணு வாரத்துல கிள்ளலாம். இந்தக் குளிர்ல நல்லா வரும், பங்குனி வெயில்ல வராது. இதுக்கும் பட்டம் இருக்கு பாரு.

டிசம்பர் 7

அவரை பூத்தாச்சு! ஊதாவும் வெள்ளையும். கூடவே அசுவினிப் பூச்சியும். நுனிக் கொழுந்துல கருப்பா அப்பியிருக்கும். அடுப்புச் சாம்பல் கிடைச்சா விடிகாலையில பனி ஈரத்தோட தூவுங்க, ஒட்டும். இல்லைன்னா வேப்பெண்ணெயில துளி சோப்புத் தண்ணி கலந்து தெளிங்க. ரொம்ப முத்தினா அந்த நுனியையே கிள்ளிப் போடுங்க, பக்கக் கிளை விடும். திண்டுக்கல் சார், உங்க செடி அவரை எப்படி இருக்கு?

டிசம்பர் 18

மார்கழி. சென்னைக்காரங்களுக்கு சபா கச்சேரி. மியூசிக் அகாடமி 1928-ல தொடங்கினதுல இருந்து டிசம்பர்னா அது அவங்க உலகம், கேன்டீன் உட்பட. நான் எங்கயும் போகலை. ஸ்ரீரங்கத்துல காலையில வாசல் தெளிக்கப் போனாலே திருப்பாவை காதுல விழும். ஒரு நாளைக்கு ஒண்ணு, முப்பது நாள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைச்சது கச்சேரியில கேட்கலாம், ஆனா தெருவுல அடுத்தடுத்த வீட்டுல இருந்து அரை வரி தள்ளித் தள்ளி வர்றதுக்கு ஈடு இல்லை.

திருச்சிக்காரங்களுக்கு இன்னொண்ணு. வானொலியைக் காலையில திருப்புங்க, மங்கள இசைன்னு நாகஸ்வரம் வரும். நம்ம நிலையம் 1939-ல இருந்து ஒலிக்குது. பரிந்துரை பண்ற அல்காரிதம் எதுவும் கிடையாது, அவங்க வைக்கறதைத்தான் கேட்டாகணும். எனக்கு அதுல ஒரு நிம்மதி இருக்கு.

ஜனவரி 11

கூடாரவல்லி. மார்கழி இருபத்தேழாம் நாள். மாசத் தொடக்கத்துல, திருப்பாவை ரெண்டாம் பாட்டுலயே, நெய் உண்ண மாட்டோம், பால் உண்ண மாட்டோம், மை தீட்ட மாட்டோம், பூ வைக்க மாட்டோம்னு ஆண்டாள் அடுக்கிடறா. இன்னிக்குப் பாட்டுல எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கறா: சூடகம், தோள்வளை, தோடு, செவிப்பூ, பாடகம், புதுத் துணி, அப்புறம் முழங்கை வழிய நெய் ஊத்தின பால்சோறு. சாப்பாடு, உடுப்பு, பாட்டு எல்லாம் எட்டே அடியில. நான் ஆறு மாசமா எழுதிட்டிருக்கேன்.

அக்காரவடிசில்: அரிசிக்குப் பால் தாராளமா, தண்ணி பேருக்கு. துளி பாசிப்பருப்பு வறுத்துப் போடலாம். அரிசி பாலிலேயே குழைஞ்சதுக்கு அப்புறம்தான் வெல்லம், முன்னாடி போட்டா அரிசி வேகாம நிக்கும். வெல்லத்தைத் தனியா கரைச்சு வடிகட்டி விடுங்க, மண் இருக்கும். அடுப்பைத் தணிச்சுட்டு ஊத்துங்க, கொதியில ஊத்தினா பால் திரியும். நெய்யை அளந்து ஊத்தறவங்க சர்க்கரைப் பொங்கல் செஞ்சுக்குங்க.

ஜனவரி 13

இல்லை, முந்திரி கட்டாயம் இல்லை.

ஜனவரி 20

கொடி அவரை ஒரே சமயத்துல காய்ச்சுத் தள்ளுது. பொரியல், கூட்டு, குழம்பு, பக்கத்து வீடு, எதிர்வீடு. பச்சை மொச்சையும் சந்தையில இருக்கு, பனங்கிழங்கும் இருக்கு. பனங்கிழங்கை மஞ்சள் உப்பு போட்டு வேகவெச்சு நாரை உரிச்சுத் தின்னுங்க. பல்லு சரியில்லாதவங்க இடிச்சு, தேங்காயும் பச்சை மிளகாயும் சேர்த்துக்கலாம். இன்னும் கொஞ்ச நாள்தான் கிடைக்கும்.

குவைத் தம்பி பால்கனிப் படம் போட்டிருக்கார். ஒன்பது காய். எண்ணி வட்டம் போட்டுக் காட்டியிருக்கார். சபாஷ்.

விதைக்கு: கொடியோட நடுவுல, நல்லா தடிச்ச காயா பார்த்து நூல் கட்டி விட்டுடுங்க, வீட்டுல யாரும் பறிக்காம இருக்க. கொடியிலேயே காய்ஞ்சு கலகலக்கணும். உரிச்சு, நிழல்ல உலர்த்தி, சாம்பலும் காய்ஞ்ச வேப்பிலையும் போட்டு வைங்க. டப்பா மேல மாசமும் ரகமும் எழுதுங்க. எழுதாம வெச்ச டப்பாக்களை வெச்சுத்தான் எங்க வீட்டுல பாதிச் சண்டை.

ஜனவரி 21

மாவடு எப்ப வரும்னு மூணு பேர் கேட்டாச்சு. மாசிக் கடைசி, பங்குனி. காம்போட வர்றதை வாங்குங்க, உருண்டையா, அழுத்தினா அமுங்காம. கல்லுப்பு, விளக்கெண்ணெய், மிளகாய், கடுகு, மஞ்சள் இருந்தாப் போதும். இப்பவே ஜாடியைக் கழுவி வெயில்ல கவுத்து வைங்க. பிளாஸ்டிக் டப்பாக்காரங்க இந்தத் தடவை கலந்துக்க வேண்டாம்.